ஹெட்கியரில் கியர் எங்கே இருக்கிறது?

#1 ரெண்டுசக்கரம்

புதிதாக ஹெல்மெட் வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டி மேல் 'ஹெட்கியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது படிக்கும் மகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அப்புறம் ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள், பஞ்சை அமுக்கினாள், வாரை இழுத்தாள். "கியர் எங்கப்பா இருக்கு?" என்றாள்.

வண்டியில் கியர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். தலையில் ஏது கியர்? "அது சும்மா பேரும்மா" என்று சமாளித்துவிட்டேன். அவள் நம்பவில்லை. எனக்கும் மனது ஒப்பவில்லை. சொல் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 மழைக்காகிதம்

தலைக்குள்ளே கியர் இருக்கிறது சார். சிலருக்கு நியூட்ரலிலேயே நிற்கும்.

#3 சொல்வேட்டை

நீங்கள் சமாளித்தது தப்பு, உங்கள் மகள் கேட்டதுதான் சரி. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தலையில் கியர் எப்படி வந்தது என்பது கேள்வியே இல்லை, வண்டிக்குள் எப்படிப் போனது என்பதுதான் கேள்வி.

கியர் என்ற சொல்லுக்குப் பல்சக்கரம் என்ற பொருள் ரொம்பப் பின்னால் வந்தது. வடக்கே ஸ்காண்டிநேவியாவில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெர்வி' என்றால் உடுப்பு, தளவாடம். 1200 வாக்கில் ஆங்கிலத்தில் கியர் என்றால் சண்டைக்குப் போகிறவன் மாட்டிக்கொள்கிற கவசமும் கையில் எடுத்துக்கொள்கிற ஆயுதமும். வேர்ப்பொருள் 'ஆயத்தம்'. ஜெர்மன் மொழியில் 'கார்' என்றால் வெந்தது, பதமாகத் தயாரானது என்று பொருள். அதுவும் இந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன்தான். காற்றுக்குப் பாய் விரித்த காலத்து ஆங்கில மாலுமிகள் 'யேர்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள், 'தயார்' என்று அர்த்தம். அதுவும் அதே வீட்டுப் பிள்ளை.

ஆக, வேலைக்கோ சண்டைக்கோ ஆயத்தமாவதற்கு வேண்டிய சாமான் எதுவோ அது கியர். குதிரைக்குச் சேணம் கியர், மீன்பிடிக்கிறவனுக்கு வலையும் தூண்டிலும் கியர். ஓர் இயந்திரம் ஓடுவதற்கு வேண்டிய சாமான்களும் அந்த இயந்திரத்தின் கியர். 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சாமான்களிலேயே ஒன்றுக்கு, பல் வைத்த சக்கரத்துக்கு, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து சைக்கிளுக்கும் காருக்கும் உங்கள் பைக்குக்கும் போனது.

ஹெட்கியர் என்ற கூட்டுச்சொல்லும் அதே 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வந்துவிட்டது. மோட்டார் வண்டியின் கியர்பாக்ஸ் பிறக்க அதற்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. தலையில் இருப்பதுதான் மூத்த கியர்.

#4 ஸ்பேனர்கை

இருபது வருஷமாக கியர்பாக்ஸ் பிரித்துக் கோக்கிறேன், இது தெரியாது. இப்போது யோசித்தால் பழைய பொருளும் சாகவில்லை. நீளப் பயணம் போகிற பையன்கள் ஜாக்கெட், கையுறை, முழங்கால் காப்பு எல்லாவற்றையும் சேர்த்து 'ரைடிங் கியர்' என்கிறார்கள். அதில் ஒரு பல்சக்கரமும் இல்லை. விமானத்தின் 'லேண்டிங் கியர்' கூட அப்படித்தானே? இறங்குவதற்கு வேண்டிய சாமான்.

#5 சொல்வேட்டை

அதேதான். இன்னொன்றும் உண்டு. சுரங்கத்தின் வாய்க்கு மேலே கோபுரம் மாதிரி இரும்புச் சட்டம் நின்று, உச்சியில் பெரிய சக்கரம் சுற்றும், பார்த்திருப்பீர்கள். ஆளையும் தாதுவையும் கயிற்றில் ஏற்றி இறக்குவது அதுதான். அதற்கும் ஹெட்கியர் என்றே பெயர். அங்கே ஹெட் என்பது சுரங்கக் குழியின் தலை.

#6 ரெண்டுசக்கரம்

அருமை. மகளிடம் சொன்னேன். "அப்ப நான் ஸ்கூலுக்குக் கொண்டுபோற பை என்னோட கியரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சரிதானே?

அப்படியே ஹெல்மெட்டுக்கும் சொல்லிவிடுங்கள். வெயிலில் போட்டுப் பார்த்தால் ஹெல் என்பதிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

#7 சொல்வேட்டை

விளையாட்டாகச் சொன்னீர்கள், ஆனால் இரண்டும் ஒரே வீடுதான்.

ஹெல்மெட் என்றால் 'குட்டி ஹெல்ம்'. ஹெல்ம் என்பது போர்வீரனின் தலைக்கவசம். ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே பின்னால் ஒரு 'எட்' சேர்ந்து சிறிதாகி, ஆங்கிலத்துக்கு வந்தது. ஆதிவேரின் பொருள் 'மூடு, மறை'. அந்த வேரிலிருந்து ஜெர்மானியப் பக்கம் பிறந்தவை ஹெல் (பூமிக்குள் மறைந்த இடம்), ஹால் (கூரை மூடிய கூடம்), ஹல் (விதையை மூடிய உமி). லத்தீன் பக்கம் பிறந்தவை செல் (அடைத்த சிற்றறை), செல்லார் (நிலவறை), கன்சீல் (மறை). கிரேக்கப் பக்கம் போனால் அபோகலிப்ஸ். உலக முடிவு என்று நாம் நினைக்கிற அந்தச் சொல்லுக்கு நேர்பொருள் 'மூடியை எடுத்தல்', மறைந்திருந்ததை வெளிப்படுத்துதல். அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது யூகலிப்டஸ், நம் தைலமரம். கிரேக்கத்தில் 'நன்றாக மூடியது' என்று பொருள். ஏன் அந்தப் பெயர் என்று தெரிய வேண்டுமானால் பூவைப் பார்த்துப் பயனில்லை, மொட்டைப் பார்க்க வேண்டும். கிண்ணம் மாதிரி அடிப்பகுதி, மேலே கூம்பாக ஒரு மூடி. இரண்டும் சேருமிடத்தில் மெல்லிய வளையக் கோடு ஓடும். பூக்கிற நேரத்தில் அந்தக் கோட்டில் வெடித்து மூடி அப்படியே கழன்று விழும். உள்ளே சுருண்டு கிடந்த மகரந்தத் தாள்கள் குஞ்சம் மாதிரி விரியும். இதழ் என்று தனியாக எதுவும் வெளியே வராது, இதழ்கள் ஒட்டித்தான் மூடியே ஆகியிருக்கிறது. மரத்தடியில் தேடினால் அந்தக் குட்டிக் குல்லாக்கள் சிதறிக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்ணில் பட்டது அந்த மூடிதான்.

#8 மழைக்காகிதம்

கப்பலில் சுக்கானைப் பிடிக்கிறவனை 'அட் த ஹெல்ம்' என்பார்களே, அதுவும் தலைக்கவசமா? தலைமை, தலைக்கவசம், பொருத்தமாக இருக்கிறதே.

#9 சொல்வேட்டை

பொருத்தமாக இருக்கிறது, ஆனால் இல்லை. சுக்கான் ஹெல்ம் வேறு சொல், பழைய ஆங்கிலத்தில் 'ஹெல்மா'. இன்று எழுத்து ஒன்றாகிவிட்டது. தலைக்கவச ஹெல்ம் உண்மையில் ஒளிந்திருக்கும் இடம் வில்லியம் என்ற பெயர். வில் என்றால் மனவுறுதி, பின்னால் ஹெல்ம். ஜெர்மானியர்கள் இன்னும் வில்ஹெல்ம் என்று முழுசாகச் சொல்கிறார்கள்.

#10 ஓய்வு வாத்தியார்

நாற்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன், கை அரிக்கிறது. தலைக்கு மேலே இருப்பதைப் பேசிவிட்டீர்கள், தலையைப் பேச வேண்டாமா?

லத்தீனில் தலைக்கு 'காபுட்'. நம் பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பத்தைப் புரியவைக்க எனக்கு அகராதி தேவைப்பட்டதே இல்லை. தமிழில் தலையிலிருந்து தலைவன், தலைநகர், தலைப்பு என்று வரிசையாக வருகிறதல்லவா? காபுட்டிலிருந்து கேப்டன், கேப்பிட்டல், சாப்டர் என்று அதே வரிசையில் வரும். கேப்டன் தலைவன், கேப்பிட்டல் தலைநகர், சாப்டர் என்றால் 'குட்டித் தலை', புத்தகப் பகுதியின் தலைப்பு. இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டால் கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடும்.

லத்தீன் காபுட் பிரெஞ்சுக்குப் போய் வாய் தேய்ந்து 'ஷெஃப்' ஆனது. சமையலறைத் தலைவர் ஷெஃப், அலுவலகத் தலைவர் சீஃப், இரண்டும் ஒரே சொல் இரண்டு காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அச்சீவ் என்றால் காரியத்தைத் 'தலைக்குக் கொண்டுவருதல்', அதாவது முடித்தல். மிஸ்சீஃப் என்றால் தலை கெட்டுப் போய் முடிந்தது, கேடு. பிள்ளைகளின் குறும்பு என்ற பொருளுக்கு அது இறங்கி வந்தது பிற்பாடு.

புஜத்தின் பைசெப்ஸ் 'இரட்டைத் தலை'. அந்தத் தசை மேலே இரண்டு இடத்தில் எலும்பைப் பிடித்திருக்கிறது. பிரெசிப்பிஸ் என்ற செங்குத்துப் பாறை, தலைகுப்புற விழுகிற இடம். மழைக்கு வானிலைக்காரர்கள் சொல்லும் பிரெசிப்பிடேஷனும் அதே தலைகுப்புறத்தான். முட்டைக்கோஸின் கேபேஜ் கூட வடபிரெஞ்சில் 'தலை' என்று பொருள்படும் 'கபோஷ்' என்பதிலிருந்து வந்தது.

#11 மழைக்காகிதம்

சார், முட்டைக்கோஸ் மண்டை என்று திட்டினால் தலைத் தலை என்று ஆகிறதே.

#12 ஓய்வு வாத்தியார்

திட்டுவதற்கு முன்னால் என் கர்ச்சீப் கதையைக் கேளம்மா.

நாம் வீட்டில் 'கர்ச்சீப் எங்கே' என்று சாதாரணமாகக் கேட்கிறோம். பழைய பிரெஞ்சில் அது 'தலையை மூடு' என்ற இரண்டு சொல். தலையில் கட்டும் துணி அது. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் முன்னால் 'ஹேண்ட்' போட்டு ஹேண்ட்கர்ச்சீஃப் என்றார்கள், 'கைத் தலைமூடி'. கழுத்தில் கட்டியதும் நெக்கர்ச்சீஃப், 'கழுத்துத் தலைமூடி'. அதோடு விட்டார்களா? பையில் செருகியதும் பாக்கெட் ஹேண்ட்கர்ச்சீஃப். பிரித்துப் படித்தால் 'பைக்குள் கையில் தலைமூடி'. மூக்கைத் துடைக்கிற ஒரு துண்டுத் துணிக்கு இத்தனை உறுப்பா! நம் கைக்குட்டை எவ்வளவு அடக்கமான சொல் பாருங்கள்.

அந்த 'மூடு' என்ற பாதி இன்னோரிடத்திலும் இருக்கிறது. கர்ஃப்யூ. ராத்திரி மணி அடித்தால் அடுப்பு நெருப்பைச் சாம்பல் போட்டு மூட வேண்டும் என்ற இடைக்கால விதி, 'நெருப்பை மூடு'.

#13 ஆதிமொழி

எல்லாம் சரி. காபுட் என்பது நம் கபாலம்தானே? கபாலத்திலிருந்து காபுட், காபுட்டிலிருந்து கேப், ஹெட் எல்லாம். நேராகச் சொல்வதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? அதோடு ஒரு பொருள் பழுதானால் ஆங்கிலத்தில் 'கபுட்' என்கிறார்களே, அதுவும் கபாலம் உடைந்ததுதான்.

#14 சொல்வேட்டை

தயக்கம் இல்லை, கணக்கு இடிக்கிறது.

கபாலம் வடமொழிச் சொல். லத்தீனும் வடமொழியும் ஒரே பெருங்குடும்பம். கபாலத்துக்கும் காபுட்டுக்கும் உறவு சொல்கிறவர்கள் கூட அக்கா தங்கை உறவுதான் சொல்கிறார்கள். தங்கையைப் பார்த்து நீ அக்கா பெற்ற பிள்ளை என்று சொல்ல முடியாது.

ஹெட் லத்தீனிலிருந்து வரவில்லை, அதுவும் ஒரு தங்கை. லத்தீனில் 'க' இருக்கிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். கார்னூ என்ற கொம்பு ஆங்கிலத்தில் ஹார்ன். கானிஸ் என்ற நாய் ஹவுண்ட். கெண்டும் என்ற நூறு ஹண்ட்ரட். அதே கணக்கில் காபுட் என்ற தலை, பழைய ஆங்கிலத்தில் 'ஹேஆஃபோட்', தேய்ந்து ஹெட். இந்த ஒழுங்கை 1822ல் விதியாக எழுதி வைத்தவர் யாக்கோபு கிரிம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர். ஒலி ஒத்துப்போவதை விட, ஒரே ஒழுங்கில் மாறியிருப்பதுதான் உறவுக்குச் சாட்சி.

பழுதுக்குச் சொல்லும் கபுட் ஜெர்மன் வழியாக பிரெஞ்சுச் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. பிக்கே என்ற ஆட்டத்தில் ஒரு பிடி கூடப் பிடிக்காமல் தோற்றவன் 'கப்போ' ஆனான் என்பார்கள். கப்போ என்றால் முக்காடு, மூடி. அதில் தலை இல்லை, தலைமேல் போர்த்திய துணிதான் இருக்கிறது.

#15 ஆதிமொழி

நீங்கள் மேல்நாட்டுக்காரன் எழுதியதை அப்படியே நம்புகிறீர்கள். எல்லாச் சொல்லுக்கும் மூலம் நம்மிடம் இருக்கிறது.

#16 மட்டுறுத்துநர்

மூலச்சண்டைக்குத் தனி இழை ஏற்கனவே ஓடுகிறது, அங்கே இப்போது 41வது பக்கம். இங்கே தலையும் தொப்பியும் மட்டும்.

#17 மழைக்காகிதம்

ஆதிமொழி அண்ணாவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். மூலம் என்று இல்லை, ஆனால் இதைவிட அழகு.

லத்தீன்காரர்கள் தலைக்குக் காபுட் என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவில் பேச்சு வழக்கில் 'டெஸ்டா' என்றார்களாம். டெஸ்டா என்றால் மண்பாண்டம், ஓடு. கிண்டலாகச் சொன்னது நிலைத்துவிட்டது. இன்று பிரெஞ்சில் தலைக்கு 'டெட்' என்றுதான் சொல்கிறார்கள், இத்தாலியில் டெஸ்டாவேதான். ஆங்கிலத்தில் சிடுமூஞ்சிக்குச் சொல்லும் 'டெஸ்டி' அந்தப் பானையிலிருந்து வந்தது, தலைக்கனம் பிடித்தவன் என்ற அர்த்தத்தில். ஜெர்மன் 'கோப்ஃப்' என்ற தலையும் பாத்திரம்தான், ஆங்கிலத்தின் 'கப்'புக்குச் சொந்தம்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். சங்கப் பாட்டில் மண்டை என்றால் என்ன? பாணர் கையில் ஏந்திய உண்கலம்! 'மண்டை நிறைய' என்று வந்தால் பயப்படக் கூடாது. அப்புறம் மண்டையோடு என்கிறோம். ஓடு என்றால் என்ன? கூரைக்கும் ஓடு, ஆமைக்கும் ஓடு, திருவோட்டுக்கும் ஓடு. டெஸ்டாவுக்கு லத்தீன் அகராதி தருகிற பொருளும் இதே வரிசைதான். கூரை ஓடு, ஓட்டாஞ்சில்லு, நத்தை ஓடு, மண்டையோடு. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பார்த்தால் பானை மாதிரி இருக்கிறது, பானை என்று சொல்லியிருக்கிறார்கள்.

#18 ஓய்வு வாத்தியார்

பலே. அதே மாதிரி இன்னொன்று. தலையை எண்ணுவது சொத்தை எண்ணுவது என்ற பழக்கத்தில், காபுட்டிலிருந்து 'கபிடாலே' என்று ஒரு சொல், சொத்து என்று பொருள். அது ஆங்கிலத்துக்கு மூன்று தடவை மூன்று உருவில் வந்தது. கேப்பிட்டல் என்றால் முதல், சாட்டல் என்றால் அசையும் பொருள், கேட்டில் என்றால் கால்நடை. தமிழில் மாடு என்றாலே செல்வம். கல்வி தவிர மற்றதெல்லாம் மாடு அல்ல என்று குறள் சொல்லும்போது நான்கு கால் மாட்டையா சொல்கிறது?

#19 ரெண்டுசக்கரம்

ஒரு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தால் இழை எங்கேயோ போய்விட்டது, சந்தோஷம். தொப்பியின் ஹாட்டும் ஹெட்டும் அப்போ ஒன்றுதானே? ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

#20 சொல்வேட்டை

எல்லோரும் விழுகிற குழி இது. ஹாட்டுக்கும் ஹெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஹாட்டின் உடன்பிறப்பு ஹூட், தலையோடு தோளையும் மூடும் முக்காடு. இரண்டுக்கும் வேர் 'மூடு' என்ற பொருளில் வேறொன்று, ஹெல்மெட்டின் வேரும் அல்ல.

ஹூட்விங்க் என்றால் இன்று ஏமாற்றுவது. 16ஆம் நூற்றாண்டில் அது கண்ணைக் கட்டுவது. விங்க் என்றால் அப்போது கண்ணை மூடுதல், ஹூட்டை இழுத்துக் கண்ணை மறைத்தால் ஹூட்விங்க். நம்மிடமும் 'கண்ணைக் கட்டி'த்தானே ஏமாற்றுகிறார்கள்!

ஆனால் நெய்பர்ஹூட், சைல்ட்ஹூட் இவற்றின் வாலில் இருக்கும் ஹூட் முக்காடு அல்ல, 'நிலை, தன்மை' என்ற வேறு பழஞ்சொல். அதே வால்தான் காட்ஹெட் என்பதில் ஹெட் என்று வேஷம் போட்டு நிற்கிறது. அங்கே தலை இல்லை, இறைத்தன்மைதான் இருக்கிறது.

#21 ஸ்பேனர்கை

இதற்காகத்தான் காத்திருந்தேன். தொழில் பழகின புதிதில் ஓர் அமெரிக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். முதல் வரியே 'ஹூட்டைத் திற'. எனக்குத் தெரிந்த ஹூட், ஜீப்பின் மேலே போடும் தார்ப்பாய்தான். கொக்கிகளைக் கழற்றி, வாரை அவிழ்த்து, தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினால் மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "என்ஜினைப் பார்க்கச் சொன்னால் வானத்தைப் பார்க்கிறாயா?" என்றார். அமெரிக்காக்காரனுக்கு என்ஜின் மூடிதான் ஹூட். அதையே பிரிட்டன்காரன் பானெட் என்பான், நாமும் பானெட் என்போம். பானெட்டும் ஒரு தொப்பிதானே? நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டும் தொப்பி.

#22 சொல்வேட்டை

ஆமாம், தொப்பியேதான். உங்கள் கதையை முழுசாக்க ஒன்று சேர்க்கிறேன். என்ஜின் மூடிக்குப் பிரெஞ்சில் என்ன சொல் தெரியுமா? கப்போ. மேலே சீட்டாட்டத்தில் தோற்றவன் தலையில் விழுந்த அதே முக்காடு. மூன்று நாட்டுக்காரரும் தனித்தனியாக என்ஜின் தலையில் தொப்பி வைத்திருக்கிறார்கள்.

#23 மழைக்காகிதம்

கப்போ, கேப், கேப்டன் எல்லாம் ஒன்றா இல்லையா? எனக்குக் குழம்புகிறது. அதுவும் தமிழில் எழுதினால் தலையில் வைக்கிற கேப்பும், தோளில் போடுகிற கேப்பும், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனையான கேப்பும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

#24 சொல்வேட்டை

கடல்முனை கேப், காபுட் என்ற தலை. நிலத்தின் தலை கடலுக்குள் நீண்டிருக்கிறது. தலையில் வைப்பதும் தோளில் போடுவதும் 'கப்பா' என்ற பிற்கால லத்தீன் சொல், முக்காடு வைத்த போர்வை. அந்தக் கப்பாவே காபுட்டிலிருந்துதான் வந்தது என்று முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் தனியாகத்தான் வைப்பேன்.

கப்பாவுக்கு நல்ல கதைகள் இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார் என்பது ஐதீகம். பிற்பாடு அவர் டூர் நகரத்து ஆயர், புனிதர். மீதிப் போர்வையைப் பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்தார்கள். அந்தக் 'குட்டிப் போர்வை' இருந்த இடம் கப்பெல்லா, அதுவே சேப்பல். அதைக் காத்தவர் சாப்ளின் என்ற குருவானவர். இசைக்கருவி இல்லாமல் பாடுவதை 'ஆ கப்பெல்லா' என்பதும் 'சேப்பலில் பாடுகிற மாதிரி' என்றுதான். பாதிப் போர்வை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

எஸ்கேப் என்றால் கப்பாவிலிருந்து வெளியேறுதல். துரத்துகிறவன் போர்வையைப் பிடித்தான், ஆள் நழுவிவிட்டான், அவன் கையில் துணி மட்டும். ஷாப்பரோன் என்ற துணைக்கு வரும் பெரியம்மா பிரெஞ்சில் முக்காடு, காப்பாக மூடுகிறவர். கப்புச்சினோ, 'குட்டி முக்காடு'. கூர் முக்காடு அணிந்த கப்புச்சின் துறவிகளின் பழுப்பு அங்கி நிறத்தில் காபி இருந்ததால் வந்த பெயர்.

#25 ஸ்பேனர்கை

பையன்கள் 'எஸ்கேப் ஆயிட்டான்' என்று சொல்லும்போதெல்லாம் இனி கையில் துணியோடு ஒருவன் நிற்பது தெரியும்.

#26 ஓய்வு வாத்தியார்

கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்களே. ஹாட்ரிக்! 1858ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹெச். ஹெச். ஸ்டீபன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். பார்வையாளர்களிடம் காசு வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். தொப்பி போய் பெயர் நின்றது.

பவுலர் தொப்பி என்று உருண்டையாக ஒன்று உண்டு, அது பந்துவீச்சோடு சேர்ந்ததில்லை. 1849ல் எட்வர்ட் கோக் என்பவர் லண்டன் லாக் தொப்பிக் கடையில் சொல்லிவைத்தார். வேட்டைக்காட்டுக் காவலர்களின் உயரத் தொப்பி மரக்கிளையில் மாட்டி விழுந்துகொண்டே இருந்ததாம். தைத்துக் கொடுத்தவர்கள் பவுலர் என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்கள். வாங்க வந்த கோக் அதைத் தரையில் போட்டு ஏறி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

பனாமா தொப்பி ஈக்வடாரில் பின்னுவது, பனாமா வழியாக விற்றதால் அந்தப் பெயர். ஃபெடோரா 1882ல் பாரிஸில் அரங்கேறிய நாடகத்துக் கதாநாயகியின் பெயர்.

#27 மழைக்காகிதம்

டர்பனும் டூலிப்பும் ஒரே சொல் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாரசீக 'துல்பந்த்', தலைப்பாகை. துருக்கியில் 'டுல்பென்ட்', தலைப்பாகை கட்டும் மெல்லிய துணி. ஒரு வழியில் டர்பன் ஆனது. பூவின் வடிவம் அந்தக் கட்டு மாதிரி இருந்ததால் ஐரோப்பியர் டூலிப் என்றார்கள்.

வெள்ளைக்காரர் காலத்து 'சோலா டோப்பி' கூட ஒரு தமாஷ். ஆங்கிலேயர்கள் வெயிலுக்குப் போடுகிறோம், ஆகவே சூரியன் என்று நினைத்து 'சோலார்' என்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சோலா என்பது செடியின் பெயர். நம் நெட்டி! விரலால் அமுக்கினால் உள்ளே போகும், கையில் எடுத்தால் எடையே தெரியாது, அந்தத் தக்கை.

#28 ஸ்பேனர்கை

வண்டி ஹெல்மெட் கதை ஒன்று என்னிடமும் உண்டு. 1935ல் டி. ஈ. லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் படைவீரர் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அப்புறம் அவர் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் பைக்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றுகிறது என்று 1941ல் எழுதினார். பிரிட்டனில் சட்டம் வந்தது 1973ல். ரெண்டுசக்கரம் அண்ணே, பெட்டியிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டினீர்களா, இல்லை இன்னும் பெயரைத்தான் படிக்கிறீர்களா?

#29 ரெண்டுசக்கரம்

மாட்டிவிட்டேன், தாடை வாரோடு.

நேற்று ராத்திரி மகளுக்கு கர்ச்சீப் கதை, யூகலிப்டஸ் குல்லா, எஸ்கேப் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். படுத்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கப் போனபோது எழுந்து உட்கார்ந்து, தலைக்குக் கீழே இருந்ததைத் தூக்கிக் காட்டி, "அப்ப தலையணையில அணை எங்கப்பா? தண்ணியே இல்லையே?" என்றாள்.

விளக்கை அணைத்துவிட்டேன். யாராவது காலைக்குள் சொல்லுங்கள்.

#30 ஓய்வு வாத்தியார்

அரியணை, பஞ்சணை, பாம்பணை. உட்காரவும் சாயவும் படுக்கவும் இருப்பது அந்த அணை. தண்ணீரைத் தடுப்பது இன்னோர் அணை. விளக்கை அணைத்தீர்களே, அது மூன்றாவது. பிள்ளை அதையும் நாளைக்குக் கேட்கும், தயாராக இருங்கள்.